போட்டோ ஸ்டூடியோ நடத்திய அத்தை, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் அத்தை: இந்த வாழ்க்கையை எப்படி எழுதுவது?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் அத்தையைப் பற்றி இருபது பக்க அளவில் ஒரு சிறு நூல் எழுதித் தருவதாக எங்கள் பகுதி நூலகத்தில் ஒப்புக்கொண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. எழுதிய வரையில் எனக்கே நிறைவில்லை. எங்கே தவறுகிறேன் என்பது ஓரளவு தெரிந்தும் எப்படித் திருத்துவது என்பது தெரியாததால் இங்கே கேட்கிறேன். சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். இப்போது 66 வயது. 1983 முதல் 2009 வரை ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே, மாடிப்படியை ஒட்டிய ஒரு சிறிய கடையில் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். முன்பக்கம் ஒரு பெஞ்சும் கண்ணாடியும் சீப்பும், நடுவே படம் எடுக்கும் இடம், மாடிப்படிக்குக் கீழே சரிவாக இருந்த சந்தில் சிவப்பு விளக்கு மாட்டிய இருட்டறை, அவ்வளவுதான் ஸ்டூடியோ. பெண் ஒருவர் யாஷிகா 635 கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வருவதை அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தார் வியந்து பார்த்தார்கள் என்று அப்பா சொல்வார். ஆனால் மஞ்சள் நீராட்டு விழாவிலும் வளைகாப்பிலும், பெண்கள் மட்டுமே கூடியிருக்கும் அறைக்குள் ஆண் போட்டோகிராபரை விடத் தயங்கிய குடும்பங்கள் காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று பல இடங்களிலிருந்தும் அவரையே தேடி வந்தன. பாஸ்போர்ட் அளவுப் படம், பள்ளிக்கூடத்துக் குழுப்படம், இறந்தவரை நாற்காலியில் சார்த்தி வைத்து உறவினர் சூழ எடுக்கும் படம் என எதையும் அவர் மறுத்ததில்லை.

டிஜிட்டல் கேமராவும் தெருவுக்கு ஒரு கலர் லேபும் வந்த பிறகு வருமானம் குறைந்து, 2009-இல் கடையைக் காலி செய்தார். இரண்டு ஆண்டுகள் கேமராவைத் தொடவே இல்லை. 2011-இல் ஒரு நாள், ஸ்டூடியோவில் தொங்கிய பின்திரையை, அதாவது தூண்களும் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த அந்தப் பழைய கான்வாஸ் திரையைக் கத்தரித்து ஒரு போர்வை தைத்தார். அதன்பின் நிறுத்தவில்லை. இன்று வீட்டில் 41 போர்வைகள் இருக்கின்றன. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளிலும் பிளவுஸ் தைக்கும் கடைகளிலும் வெட்டி ஒதுக்கிய துண்டுகள், பழைய கைலி, பள்ளிச் சீருடை, யாரோ கொடுத்த கல்யாணச் சேலையில் நைந்துபோகாத பகுதி, இவைதான் அவருக்குத் துணி. சில போர்வைகளில் பழைய வேட்டித் துணியில் நீல நிறத்தில் முகங்கள் அச்சாகியிருக்கின்றன. தம் நெகட்டிவ்களைப் பெரிதாக்கி, துணியில் மருந்து பூசி, மொட்டைமாடி வெயிலில் வைத்து அவரே அச்சிட்டவை அவை. பெரும்பாலான போர்வைகளில் பன்னிரண்டு சதுரங்கள். மும்மூன்றாக நான்கு வரிசை. இடையிடையே கறுப்புத் துணிப் பட்டை. ஏன் எப்போதும் பன்னிரண்டு என்று கேட்டால், "அது கணக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார்.

நான் நூலின் முதல் பாதியில் போட்டோகிராபராக அவர் வாழ்ந்ததையும், இரண்டாம் பாதியில் துணிக் கலைஞராக மாறியதையும் எழுதினேன். போன வாரம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. ஒருத்தி போட்டோ எடுக்கிறா, ஒருத்தி துணி தைக்கிறா. நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டையும் செய்த ஒரே ஆளாக அவரை எப்படி எழுதுவது? இவரைப் போல நிழற்படத்திலிருந்து துணிக்கு வந்தவர்கள் வேறு எங்கேனும் இருந்திருக்கிறார்களா? நூலோடு சேர்த்துச் சில போர்வைகளை நூலகத்தில் வைக்கவும் எண்ணம் இருப்பதால், நீல அச்சுகளையும், 2015 டிசம்பர் மழையில் நனைந்து தப்பிய நெகட்டிவ்களையும் எப்படிக் காப்பது, முகம் தெரியும் போர்வைகளைப் பொதுவில் வைக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (பெரம்பூரிலிருந்து)

அம்மா, நான் 32 ஆண்டுகள் இருட்டறையில் பிரின்ட் போட்டுப் பிழைத்தவன். "பன்னிரண்டு சதுரங்கள், இடையே கறுப்புப் பட்டை" என்ற இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியாமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தை சொன்ன கணக்கு எங்கள் தொழிலில் இருந்த எவருக்கும் விளங்கும். யாஷிகா 635-இல் போடும் '120' என்ற வகை ஃபிலிம் ரோலில், ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில், பன்னிரண்டு படங்கள்தான் விழும். ரோலைக் கழுவி உலர்த்தி, மூன்று மூன்று படமாக நான்கு துண்டுகள் வெட்டி, எட்டுக்குப் பத்து அங்குலத் தாளின் மேல் அடுக்கி, கண்ணாடியால் அழுத்தி ஒளி காட்டினால் கிடைப்பது கான்டாக்ட் பிரின்ட். ஒளி படாத ஃபிலிம் ஓரம் நெகட்டிவில் தெளிவாக இருப்பதால் அதன் வழியே ஒளி முழுவதும் இறங்கி, தாளில் கறுப்புப் பட்டையாக விழும். நீங்கள் 41 போர்வைகள் என்று எண்ணியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அவை கழுவி முடித்த ரோல்களாகத் தெரிகின்றன.

கான்டாக்ட் பிரின்ட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை. கண் மூடிய படம், குழந்தை திரும்பிக்கொண்ட படம், யாரோ குறுக்கே வந்துவிட்ட படம் எல்லாம் அதில் இருக்கும். அவற்றிலிருந்து நன்றாக விழுந்த இரண்டையோ மூன்றையோ தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்போம். பன்னிரண்டையும் பார்த்தவர் இருட்டறையில் நின்றவர் மட்டுமே. உங்கள் அத்தை எந்தப் படங்களைத் துணியில் ஏற்றியிருக்கிறார் என்று கவனியுங்கள். ஆல்பத்துக்குப் போன படங்களா, ஒதுக்கப்பட்டவையா? நான் எழுதுவதாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

துணியைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்தப் பழக்கம் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வாழ்ந்தவர்களுக்கு நிறத்தைவிட அதன் அழுத்தம்தான் முதலில் கண்ணில் படும். நல்ல சிவப்பும் நல்ல பச்சையும் நம் கண்ணுக்கு எதிரெதிராக இருந்தாலும் படத்தில் ஒரே சாம்பலாகக் கலந்துவிடலாம். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் நிறம் மங்கி, எது வெளிச்சம், எது நிழல் என்பது மட்டும் நிற்கும். ஏதேனும் ஒரு போர்வையைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். வண்ணத்தில் சிதறலாகத் தெரிந்த துண்டுகள் அப்போது ஒரு ஒழுங்குக்குள் வந்து நின்றால், அது இருட்டறையில் பழகிய கண் தேர்ந்த துணி.

அவர் நெகட்டிவ் டச்சிங் செய்தவரா என்றும் கேளுங்கள். கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருமையையும் எடுப்போம். ஒரு புள்ளி கூடினாலும் வேறொருவர் முகம் ஆகிவிடும். அந்தக் கை எளிதில் கிடைப்பதில்லை.

நனைந்த நெகட்டிவ்களைப் பற்றி: பூஞ்சை படிந்திருந்தால் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் கரையக்கூடியதாகி இருக்கும். தண்ணீர் பட்டால் படமே வழிந்து போகும். பிளாஸ்டிக் உறைகளில் இறுக்கி மூடாமல், தாள் உறையில் தனித்தனியாக இட்டு, ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். திறந்ததும் புளிக்காடி வாடை அடிக்கும் ஃபிலிம் எதுவும் இருந்தால் அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். அசிட்டேட் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது, பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். கடல் காற்று வீசும் ராயபுரத்தில் இத்தனை ஆண்டு தாங்கியதே பெரிது. முதல் வேலையாக எல்லாவற்றையும் டிஜிட்டலில் பதிந்துகொள்ளுங்கள். நீலப் படம் உள்ள போர்வைகளை ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கவிட்டால் மிக நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

மறுமொழி (வியாசர்பாடியிலிருந்து)

தங்கைக்கு வணக்கம். நான் 19 ஆண்டுகளாகத் தையல் தொழிலில் இருக்கிறேன். பெரியவர் எழுதியதைப் படித்து நானும் நெகிழ்ந்தேன். ஆனால் எல்லாவற்றையும் படமாகவே பார்த்துவிட்டால் துணி என்ன ஆவது என்ற கவலையும் வந்தது. துணிக்கென்று ஒரு நியாயம் உண்டு. கேமராவில் கண் வேலை செய்யும். துணியில் விரல் நுனி வேலை செய்ய வேண்டும்.

அந்தப் பின்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் ஏறிய கான்வாஸ் அட்டைபோல விறைத்திருக்கும். 16-ஆம் எண் ஊசி முறிந்துவிடும், 18 போட வேண்டும். அப்போதும் மெஷின் கதறும். மடித்த இடத்தில் பெயிண்ட் வெடித்து உதிரும். அதைப் பாப்ளின் துண்டோடும் கைலியோடும் சேர்த்துச் சமமாகத் தைப்பது விளையாட்டு வேலை இல்லை, ஏனென்றால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. முதலிலேயே எல்லாத் துணியையும் நனைத்துக் காயவைத்து, பாவு இழை ஒரே பக்கமாக நிற்கும்படி வெட்டாவிட்டால், சாய்வாக வெட்டிய கிராஸ் பீஸ் இழுத்துக்கொண்டு சதுரம் கோணலாகிவிடும். 2011-இல் முதல் போர்வையையே அந்தத் திரையில் தைத்தார் என்றால், அவர் கைக்குத் தையல் அன்றுதான் அறிமுகமானது என்று என்னால் நம்ப முடியவில்லை. அதற்கு முன்னால் எங்கே கற்றார் என்று விசாரியுங்கள்.

நடுவில் என்ன வைத்திருக்கிறார் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. இலவம்பஞ்சு என்றால் நெருக்கமாகத் தைக்காவிட்டால் ஒரு மூலைக்கு ஒதுங்கி முடிச்சு முடிச்சாகிவிடும். கடையில் விற்கும் பாலியஸ்டர் வாடிங் எளிது. ஆனால் நம் ஊர் வியர்வைக்கு ஒவ்வாது. பழைய நூல் சேலையை இரண்டு மூன்று மடிப்பாக வைத்துத் தைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஓட்டுத் தையல் எவ்வளவு இடைவெளியில் ஓடுகிறது என்று பாருங்கள். தைத்தவரின் பொறுமை, கண் பார்வை, அன்றைய மனநிலை எல்லாம் அதில் பதிந்திருக்கும்.

"ஏன் மாறினீர்கள்?" என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வராது. யாருக்குத்தான் வரும்? "இந்த மூலையில் ஏன் தையலைப் பிரித்துத் திரும்பப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்.

கடைசியாக ஒன்று. போர்வைகளைத் திருப்பிப் பார்த்தீர்களா? நல்ல வேலையை நாங்கள் பின்பக்கத்தில்தான் மதிப்பிடுவோம். பகல் வெளிச்சம் நேராக விழாத அறையில் விரித்து, டார்ச் விளக்கைத் துணிக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து நகர்த்துங்கள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நிழல் விழும், அதே நிற நூலில் போட்ட தையலும் மறைய முடியாது. என் தாத்தா சலவைத் தொழில் செய்தவர். எந்த வீட்டுத் துணி எது என்று தெரிவதற்காகச் சேங்கொட்டைச் சாற்றில் மூலையில் ஒரு குறி போடுவார். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. நீங்களோ அந்தத் தொழிலால் பெயர் பெற்ற பேட்டையில் இருக்கிறீர்கள். துணியோடு வாழ்ந்தவர்கள் எங்கேனும் ஒரு குறி வைக்காமல் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

மறுமொழி (திருவொற்றியூரிலிருந்து)

துணியில் அச்சிடுவதும் சாயமிடுவதும் கற்பிப்பது என் தொழில் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில், முன்னோடிகள் பற்றிய கேள்வி. அத்தை செய்யும் நீல அச்சுக்கு சயனோடைப் என்று பெயர். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த முறை அது. மறு ஆண்டிலேயே அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி கடற்பாசிகளை நேரடியாகத் தாளின் மேல் வைத்து வெயிலில் அச்சிட்டு நூலாகத் தொகுக்கத் தொடங்கினார். நிழற்படம் துணிக்கு வந்து கலையாக நின்றதில் இருவர் எனக்கு முக்கியமானவர்கள். 1940-இல் பிறந்த பெட்டி ஹான் என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர், பிசினும் நிறமியும் கலந்து பூசி அச்சிடும் கம் பைக்ரோமேட் முறையில் பருத்தித் துணியில் படங்களை அச்சிட்டு அவற்றின் மேல் வண்ண நூலால் தையல் வேலை செய்தார். 'சாலையும் வானவில்லும்' என்று பொருள்படும் அவருடைய 1971-ஆம் ஆண்டுப் படைப்பு அப்படி உருவானது. கேத்தரின் ஜேன்சன் என்பவர் 1970-களின் தொடக்கத்தில், ஓர் அறையையே சயனோடைப் அச்சிட்ட துணியால் தைத்து அமைத்தார். இருவரும் நிழற்படத்தை விட்டு வெளியேறவில்லை. தாளுக்குப் பதிலாகத் துணியில் படம் நின்றது, அவ்வளவே. எதிர்த்திசையிலிருந்து வந்தவர் பீசா பட்லர். ஓவியம் பயின்று, பழைய நிழற்படங்களைப் பார்த்து ஆளுயரப் போர்வைகள் தைப்பவர் அவர். டீனி ஹாரிஸ் என்ற நிழற்படக்காரர் 1947-இல் எடுத்த பள்ளிப் பிள்ளைகளின் படம் ஒன்று, 2018-இல் பட்லரின் கையில் ஆப்பிரிக்க அச்சுத் துணிகளால் ஆன பெரும் போர்வையாக மாறியது. பெரியவர் சொன்ன வெளிச்சம், நிழல் கணக்கு அவருடைய வேலையில் கண்கூடாகத் தெரியும்: முகத்தின் நிழலுக்கு அடர்நீலமும் ஊதாவும், ஒளிக்கு ஆரஞ்சும் மஞ்சளும் வரும்.

இந்தப் பெயர்களை நூலில் ஓரிரு வரிக்கு மேல் நீட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அத்தைக்கு மதிப்புத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் பிணைக்கும் வங்காளத்துக் காந்தாவும் நம் நாவில் இருக்கும் 'கந்தை' என்ற சொல்லும் உறவுடையவை. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வை, வெளி ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும். முன்கூட்டி வரைந்த திட்டம் எதுவும் இல்லாமல் கையே முடிவெடுக்கும் முறை அது. நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பையும் துணியின் மேல் துணி வெட்டி ஒட்டித் தைத்ததுதான்.

வடசென்னையையே எடுத்துக்கொண்டாலும் இந்த மண் துணியால் ஆனது. கம்பெனியார் ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் உங்கள் பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. எங்கள் பக்கத்துக் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட் பேட்டை. மலேசியாவில் இன்றும் கைலியை 'காயின் பெலிகட்' என்கிறார்கள். பெலிகட் என்பது நம் பழவேற்காடு. அத்தை ஒரு பழைய கைலியைக் கத்தரிக்கும்போது முந்நூறு ஆண்டு வணிகத்தின் ஓரத்தைக் கத்தரிக்கிறார். இதைச் சொல்ல நூலில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பெரம்பூர் ஐயாவின் ஜன்னல் யோசனையை மட்டும் பணிவுடன் மறுக்கிறேன். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்து பூசிய துணியில் வெயில் உண்டாக்கும் நீலம், அதே வெயிலில் நாளடைவில் வெளிறும். இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும் என்றாலும் அந்தச் சோதனை வேண்டாம். அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளிதான் அனுமதிப்பார்கள். நூலகத்தில் வெயில் படாத உட்சுவரே ஏற்றது. இந்த நீலத்துக்குக் காரம் பெரும் பகை என்பதால் சோப்புத் தூளும் சலவை சோடாவும் பட்டால் மஞ்சளாகிவிடும். அழுக்கானால் வெறும் நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். மடித்து அடுக்காமல், வெளுத்த பருத்தித் துணியை இடையே வைத்து உருளையில் சுற்றி வையுங்கள். கான்வாஸ் போர்வைகளுக்கு இது கட்டாயம்.

முகங்களைப் பொறுத்தவரை, கண்டுபிடிக்க முடிந்தவர்களிடம் அனுமதி கேளுங்கள். மஞ்சள் நீராட்டுப் படங்களில் இருப்பவர்கள் அன்று சிறுமிகள். அந்தப் படம் எடுக்கப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, போர்வையாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர்கூட வந்து பார்த்து மனம் சுருங்கக் கூடாது. அனுமதி கிடைக்காத போர்வைகளை வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது.

மறுமொழி (காசிமேட்டிலிருந்து)

இங்கே நான் எதுவும் எழுதியதில்லை. கல்மண்டபத்துப் போட்டோ அக்கா என்றால் எங்களுக்கு உங்கள் அத்தைதான். 1994-இல் எனக்குச் சடங்கு செய்தபோது அவர்தான் வந்து படம் எடுத்தார். எல்லாரும் சிரி சிரி என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் வைத்த பூ கனமாக இருக்கிறதா என்று கேட்டுச் சற்றுத் தளர்த்திக் கட்டினார். அந்தப் படங்களை வாங்க எங்கள் வீட்டில் அப்போது பணம் இல்லை. அப்பா படகுக்கு வாங்கிய கடன் நெருக்கிய நேரம். பிறகு கேட்கவும் வெட்கமாக இருந்தது. என் படம் எந்தப் போர்வையிலாவது இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஒரு முறை பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அத்தை வீட்டில் இருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வியாசர்பாடி அக்கா சொன்னபடி உள்ளறையில் போர்வைகளைக் குப்புற விரித்து, டார்ச்சைத் தாழப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சதுரத்தின் பின்னாலும், அடித்துணியின் நிறத்திலேயே நூலெடுத்து, சுண்டுவிரல் நகத்தளவில் எண்கள் தைக்கப்பட்டிருந்தன. நேர் வெளிச்சத்தில் பத்து ஆண்டுகளாக நான் பார்த்தும் தெரியாதவை. அவை என்ன எண்கள் என்று நான் கேட்பதற்குள் அத்தை எழுந்துபோய் மரப்பெட்டியிலிருந்து ஸ்டூடியோவின் பில் புத்தகங்களை எடுத்து வந்தார். அத்தனையும் நெகட்டிவ் உறை எண்கள். நீல முகம் இல்லாத, வெறும் கைலித் துண்டும் சேலைத் துண்டும் வைத்துத் தைத்த சதுரங்களுக்குக்கூட எண் இருந்தது. 2015 மழையில் நெகட்டிவ் அழிந்துபோனவற்றுக்குத் துணியில் படம் ஏற்ற முடியாததால், அந்தப் படத்தில் எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று நினைவிலிருந்து துணி தேர்ந்து அடுக்கியிருக்கிறார். பெரம்பூர் ஐயா சொன்னதுபோல் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தேன். வெறும் கட்டங்கள் என்று நான் எண்ணியிருந்த சதுரத்தில், தலை குனிந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் தோளும் கழுத்தும் தெரிந்தன. அது யார் என்று அத்தையிடம் கேட்டேன். பில் புத்தகத்தைப் பார்க்காமலே பெயர் சொன்னார்.

ஒதுக்கப்பட்ட படங்களா என்று ஐயா கேட்டிருந்தார். பெரும்பாலும் ஆமாம். ஆல்பத்துக்குப் போனவை அவரவர் வீட்டில் இருக்கும், போகாதவற்றுக்கு யார் இருக்கிறார்கள் என்பது அத்தையின் எண்ணம்.

முதல் போர்வையின் பின்னால் மட்டும் எண் இல்லை. அடித்துணியும் மற்றவற்றைப் போல இல்லாமல் தடித்த காக்கித் துண்டுகளால் ஆனதாக இருந்தது. அந்த அடித்துணி, என் பாட்டி தைத்த பழைய போர்வை. தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-இல் மில் மூடும்வரை இருந்தவர். அவர் கொண்டுவரும் துண்டுத் துணிகளைப் பாட்டி போர்வையாக ஒட்டித் தைப்பாராம். பாட்டிக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தும், பின் தானே தைத்தும் வந்தவர் அத்தை. அப்போது அவருக்கு ஒன்பது வயது. 1978-இல் தங்கசாலைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலைக்கு ஆள் கேட்டபோது, உரிமையாளர் ஒரு பழைய நெகட்டிவையும் பென்சிலையும் கொடுத்து உட்கார வைத்தாராம். கை நடுங்காமல் புள்ளி வைத்ததைப் பார்த்து, எங்கே கற்றாய் என்று கேட்டிருக்கிறார். "ஊசி பிடிச்ச கை" என்று அத்தை பதில் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவுக்குள் அவரை அழைத்துப்போனதே தையல்தான் என்பது இத்தனை நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

எனவே நூலைப் புதிதாகத் தொடங்குகிறேன். இரண்டு பாதி கிடையாது. காக்கித் துண்டில் தொடங்கி, போர்வை போர்வையாக, பின்னால் உள்ள எண்களின் வரிசையில் போகிறேன். ஒவ்வோர் எண்ணும் ஒரு நாளுக்கும் ஒரு வீட்டுக்கும் கொண்டுபோகிறது. திருவொற்றியூர் அம்மா சொன்னபடி, பெரியவர்கள் மட்டும் இருக்கும் ஏழு போர்வைகளையும், முகம் அடையாளம் தெரியாத ஐந்தையும் நூலகத்தின் உட்சுவரில் வைக்கிறோம். சடங்குப் படங்கள் உள்ள போர்வைகள் வீட்டிலேயே இருக்கும்.

காசிமேட்டுச் சகோதரிக்கு: உங்கள் மறுமொழியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். 1994-ஆம் ஆண்டுப் பெட்டியில் தேடி எடுக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மழையில் அந்தப் பெட்டி நனையவில்லை. உறையில் நெகட்டிவ்களோடு, அன்றே பிரின்ட் போட்டு வைத்த எட்டுப் படங்களும் இருக்கின்றன. உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் உறை மேல் பென்சிலில் எழுதியிருக்கின்றன. பணம் எதுவும் தர வேண்டியதில்லை என்றும், மாலை நான்கு மணிக்கு மேல் எந்த நாளும் வீட்டில்தான் இருப்பதாகவும் அத்தை சொல்லச் சொன்னார்.